பெரியவளின் பேட்டரி

பெரியவளுக்கு நோய் முதலில் நாக்கில்தான் வந்தது. ஒரு பெரிய கடையின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள் அவள். பொரிந்து தள்ளும் ஆட்களைப் பேசிப் பேசியே குளிரவைத்து, கடைசியில் சிரிக்கவும் வைத்து அனுப்புவாள். வீட்டிலும் அந்த வாய் ஓயாது. அவள் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். "நான் ஏன் பேசணும், என் பங்கையும் சேர்த்து அவளே பேசிடறாளே" என்பார். அப்படிப்பட்டவளுக்கு ஒருநாள் 'ர' வரவில்லை. பிறகு 'ல' வரவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறியது. டாக்டர்கள் ஊசி குத்தியும் படம் எடுத்தும் பார்த்துவிட்டு, நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும், நிறுத்த மருந்தில்லை என்றார்கள். நாக்குக்குப் பிறகு கைகள், கால்கள், கடைசியாக மூச்சு.

தங்கை, அதாவது சின்னவள், தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டாம் மாடியில் இரண்டு அறை வீடு. வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் உள்ள யூபிஎஸ் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலை சின்னவளுக்கு. காலையில் மல்டிமீட்டரையும் கையுறையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், ஏதாவது ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில், காரமான அமில வாடைக்கு நடுவே அவள் பகல் கழியும். கல்யாணம் ஆகவில்லை. பார்த்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஏதோ ஒரு குறை சொல்லித் தள்ளிவிட்டாள் என்பது பெரியவளின் நெடுநாள் குற்றச்சாட்டு.

பேச்சு முழுதாகப் போன பிறகு பெரியவள் சிலேட்டில் எழுதினாள். கை தளர்ந்ததும் அதுவும் நின்றது. எழுத்து அட்டையை ஒருவர் பிடித்துக்கொள்ள, அவள் கண்ணசைவைப் பார்த்துப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அத்தான் இரண்டாவது எழுத்திலேயே குழம்பிவிடுவார். "தண்ணியா? தலகாணியா? தலைவலியா?" என்று அவர் அடுக்க, பெரியவள் கண்ணை மூடிக்கொள்வாள். மூடிய இமைக்குள்ளிருந்து கண்ணீர் கசியும். அழுகை என்று அத்தான் நினைப்பார். அது ஆத்திரம் என்று சின்னவளுக்குத் தெரியும்.

அவள்தான் ஒரு கணினி செய்துவிடலாம் என்று கிளம்பினாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு கணினிப் பலகை, பழுதான ஒரு மடிக்கணினியின் திரை, ஒட்டுப்பலகையில் அறுத்த பெட்டி, அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய கீல். பெரியவளின் வலது கட்டைவிரல் மட்டும் இன்னும் லேசாக அசைந்தது. அதன் அடியில் ஊதினாலே அமுங்கும் அளவுக்கு மென்மையான ஒரு சுவிட்ச். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு மஞ்சள் வெளிச்சம் வரிசை வரிசையாக, 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு இறங்கும். வேண்டிய வரிசை வந்ததும் ஒருமுறை அமுக்க வேண்டும். பிறகு அந்த வரிசைக்குள் வெளிச்சம் எழுத்தெழுத்தாக நகரும். மறுபடி அமுக்கினால் எழுத்து விழும். எழுதி முடித்ததும் பெட்டி அதை உரக்கப் படிக்கும். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு பெண் குரல்.

மாதக்கணக்கில் ஊமையாக இருந்தவள் அன்று முதல் வார்த்தைக்காகப் பத்து நிமிடம் உழைத்தாள். அத்தானும் சின்னவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டி சொன்னது:

"எருமை."

"யாரைச் சொல்றா?" என்றார் அத்தான்.

"என்னைத்தான்," என்று சின்னவள் சிரித்தபடியே அழுதாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அக்கா வைத்த பெயர் அது.

இது வரைக்கும் எளிதாகவே நடந்தது. பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பதில்தான் சிக்கல். அந்தப் பகுதியில் மின்சாரம் தினம் இரண்டு மூன்று தடவை போகும். கடையில் வாங்கிய ஒரு பவர் பேங்கைச் சின்னவள் முதலில் மாட்டினாள். மின்சாரம் போன கணத்தில் பவர் பேங்க் விழித்துக்கொள்ள அரை நொடி எடுத்துக்கொண்டது. அந்த அரை நொடியில் கணினி செத்து, மறுபடி எழுந்திருக்கும். எழுதிக்கொண்டிருந்தது போயிருக்கும். கால் மணி நேரமாகக் கட்டைவிரலால் கோத்த வாக்கியம் கண்முன்னே இருட்டாகிவிடும்போது பெரியவளின் முகத்தைப் பார்க்க முடியாது. ஒருமுறை அது எழுந்து வந்ததும் அவள் சொன்னாள்: "பேசிட்டிருக்கும்போது போனை வெச்சவனைக்கூட நான் இப்படி வெறுத்ததில்லை."

பேட்டரியைச் சொந்தமாகவே கட்டிவிடுவது என்று சின்னவள் முடிவு செய்தாள். வேலையிடத்தில் கழித்துப்போட்ட மடிக்கணினி பேட்டரிகளை உடைத்து உள்ளிருந்த உருளை செல்களை எடுத்து வந்தாள். ஒவ்வொன்றையும் முழுக்கச் சார்ஜ் செய்து ஒரு வாரம் சும்மா வைத்தாள். தானாக இறங்கியதைத் தூக்கிப்போட்டாள். மிச்சத்தைச் சின்ன பல்பில் காலியாக்கி எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்தாள். சூடானதையும் தூக்கிப்போட்டாள். கட்டிலுக்கு எதிரே மேசையில் நடந்த இந்தச் சோதனையை எல்லாம் பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாப்பிள்ளை பார்த்த மாதிரியே பொறுக்கறா," என்றது பெட்டி. "கடைசியில ஒண்ணும் தேறாது."

பன்னிரண்டு தேறின. நாலு நாலாகச் சேர்த்து நிக்கல் பட்டை வைத்து ஒட்டினாள். அந்த மூன்று கூட்டத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தாள். எந்தக் கூட்டமாவது அளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ வெட்டிவிடும் காவல் பலகை ஒன்று வைத்தாள். பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாக இறக்கும் சின்னப் பலகை ஒன்று. மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணினி இந்தப் பேட்டரியிடமிருந்தே குடிக்க வேண்டும், சார்ஜர் பேட்டரிக்கு மட்டும் ஊட்ட வேண்டும், அப்படி அமைத்தாள். இனி மின்சாரம் போவது கணினிக்குத் தெரியவே தெரியாது. முதலில் ஒலிபெருக்கி உரக்கக் கத்தும்போதெல்லாம் மின்னழுத்தம் தொய்ந்து திரை மங்கியது. ஒரு பெரிய மின்தேக்கியைச் சேர்த்ததும் அதுவும் சரியானது. முழுக்கச் சார்ஜ் இருந்தால் பத்து மணி நேரம் பேசலாம்.

அத்தான் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சோதித்தார். விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. மஞ்சள் வெளிச்சம் மட்டும் 'டிக் டிக்' என்று நடந்துகொண்டே இருந்தது. அன்று பெரியவள் வீட்டாரை வைத வசவுகளை எழுதினால் ஒரு பக்கம் வரும். இரண்டு பேரும் வாங்கிக்கட்டிக்கொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அதுவே கடைசி.

மழைக்காலத்தில் மூச்சு தளரத் தொடங்கியது. மருத்துவமனையிலிருந்து முகமூடி வைத்த மூச்சுக் கருவி ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். படுக்கும்போது கட்டாயம் போட வேண்டும், உட்கார்ந்திருந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் இல்லாமல் சமாளிக்கலாம். அதற்காகச் சின்னவள் வேலையிடத்திலிருந்து ஒரு யூபிஎஸ் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்து கட்டிலடியில் வைத்தாள். இரண்டு கருவிகளுக்கும் இரண்டு மின்மூலம். போதும் என்றுதான் நினைத்தாள்.

புயல் வந்த அன்று மாலையே மின்சாரம் போய்விட்டது. விடிந்து பார்த்தால் தெருவே தெரியவில்லை. கீழ்வீட்டுக் கதவில் பாதிக்குத் தண்ணீர். மாடிப்படியின் முதல் சில படிகளைக் காணோம். தொலைபேசிகளில் சிக்னல் இல்லை. பெரியவளுக்கு முந்தின நாளே சளி பிடித்திருந்தது. இரவு முழுக்க மூச்சுக் கருவி ஓடியதில் யூபிஎஸ் பாதிக்கு மேல் காலி. அத்தான் சட்டையைத் தலைக்கு மேல் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"டெப்போவுல பெரிய வண்டி இருக்கும். ஆம்புலன்ஸோ வண்டியோ, எதையாவது கூட்டிட்டு வந்துடறேன்."

பெரியவள் கட்டைவிரலை அசைத்தாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. "சீக்கிரம் வந்துடறேன்மா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் மின்கம்பத்தைப் பிடித்துப் பிடித்து அவர் நடப்பதைச் சின்னவள் ஜன்னல் வழியே பார்த்தாள். திரும்பி வந்தபோது பெட்டி சொன்னது: "போயிட்டாரா?"

"போயிட்டார். ஏன்க்கா?"

பெரியவள் கதவைப் பார்த்தாள்.

யூபிஎஸ் விட்டு விட்டுக் கூவத் தொடங்கியது. பிறகு நீளமாக ஒருமுறை கூவி நின்றது. முகமூடிக்குள் காற்று நின்றதும் சின்னவள் அதைக் கழற்றி, பெரியவளைத் தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்காரவைத்தாள். சளியை உறிஞ்சி எடுத்தாள். கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு கழுத்து நரம்புகள் கயிறுபோலப் புடைத்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் மேலே ஏறின. விரலில் மாட்டியிருந்த, ஆக்சிஜன் அளக்கும் கருவியில் எண் தொண்ணூறுக்குக் கீழே போயிற்று. உதடு நீலம் பாரித்தது.

சின்னவளுக்குக் கணக்கு உடனே வந்தது. அவள் தொழிலே அது. கணினியின் பேட்டரியில் பாதி இருக்கிறது. அதில் ஐந்து மணி நேரம் பேசலாம். அதையே எடுத்து, மின்னழுத்தத்தை ஏற்றும் பலகை ஒன்றை நடுவில் வைத்து மூச்சுக் கருவிக்குக் கொடுத்தால் ஒன்றரை மணி நேரம் ஓடும். பலகை அவள் வேலைப் பையில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து கம்பிகளை முறுக்கினாள்.

"அக்கா, உன் பேட்டரிய எடுத்து இதுல மாட்டப் போறேன். அத்தான் வர்ற வரைக்கும்தான்."

பெரியவள் அவளைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். கட்டைவிரல் அமுங்கியது. வெளிச்சம் இறங்கியது. 'எ' விழுந்தது. வழக்கத்தைவிட மெதுவாக, தவறிய வரிசைக்காகக் காத்திருந்து, 'ட' விழுந்தது. தோள்கள் ஏறி இறங்கின. எண் எண்பத்து மூன்று. 'ட' 'டு' ஆனது.

எடு.

சின்னவள் கை பேட்டரியின் இணைப்பில் இருந்தது. பெரியவள் இன்னும் நிறுத்தவில்லை. கட்டைவிரல் மறுபடி அமுங்கியது. மஞ்சள் வெளிச்சம் முதல் மெய்யெழுத்து வரிசையில் நின்று, 'க'வின் மேல் ஏறியது. சின்னவள் அதைப் பார்த்தாள். 'எடுத்துக்கோ' என்று சொல்வதானால் 'த' இருக்கும் அடுத்த வரிசைக்குப் போயிருக்க வேண்டும். அதையும் அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இணைப்பைப் பிடுங்கினாள்.

திரை இருண்டது. மூச்சுக் கருவி உறுமியது. முகமூடியை அக்காவின் முகத்தில் வைத்துப் பட்டையை இழுத்து மாட்டினாள். எண் எண்பத்தைந்து, எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று என்று ஏறியது. "பார்த்தியாக்கா, ஏறுது பாரு. ஏறுது," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெரியவளின் கண்கள் எண்ணைப் பார்க்கவில்லை, தங்கையையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் எதுவும் இல்லாத ஓரிடத்தைப் பார்த்தன. கட்டைவிரல் மட்டும் செத்த சுவிட்சை அமுக்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

பேட்டரி தீர இன்னும் கொஞ்சம் இருக்கும்போது படியில் ஆள் சத்தம் கேட்டது. அத்தான் வந்துவிட்டார். கூடவே இரண்டு தீயணைப்பு வீரர்கள், ஒரு தூக்குப் படுக்கை. கீழே உயரச் சக்கர லாரி. அத்தானின் முழங்காலில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மனைவியின் முகத்தருகே குனிந்தார்.

"என்னம்மா? என்ன சொல்லணும்? ஏதோ சொல்லப் பார்க்கறா பாரு... அந்தப் பெட்டியப் போடேன்."

"பேட்டரி இதுல ஓடிட்டிருக்கு அத்தான்," என்றாள் சின்னவள்.

"ஓ," என்றார். ஈரக் கையால் மனைவியின் நெற்றியைத் தடவினார். அவள் கண் அவர் முகத்தைவிட்டு அகலவில்லை. "அப்புறம் சொல்லுடா. அப்புறம் சொல்லலாம்." தூக்குப் படுக்கையைப் படிகளில் இறக்கினார்கள்.

வெள்ளம் வடிந்து வீட்டுக்குப் போய்க் கணினியை எடுத்து வர நாளாயிற்று. அதுவரை மருத்துவமனையில் பெரியவள் எழுத்து அட்டையைக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் அம்மா சின்னவளின் தோளைத் தட்டி, "நல்ல நேரத்துல நல்ல மூளை," என்றார். அத்தான் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "இவ மட்டும் இல்லேன்னா அன்னிக்கே போயிருப்பா," என்றார். "அவளே எடுன்னு சொல்லியிருக்கா பாருங்க, அந்த நிலைமையிலயும்." அப்படித்தான் சின்னவள் அவரிடம் சொல்லியிருந்தாள். அது பொய்யும் இல்லை. அவள் பார்த்த எழுத்துகள் அவைதான்.

கணினியைக் கட்டிலோரம் வைத்துச் சுவிட்சை விரலடியில் பொருத்தியதும் பெரியவள் உடனே எழுதத் தொடங்கினாள். அத்தான் தேநீர் வாங்கப் போயிருந்தார். நீளமாக எழுதிக்கொண்டிருந்தாள். சின்னவள் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எடுக்காதேன்னு சொல்ல வந்தேன்," என்றது பெட்டி.

"நீ செத்திருப்பேக்கா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

வெளிச்சம் மேலும் கீழும் நடந்தது. பக்கத்துக் கட்டில்காரி தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வெச்சிருந்தேன். அவர் வந்ததும் சொல்லலாம்னு. அவர் வந்தார். என் வாய் உன் கையில இருந்தது."

"இப்போ சொல்லு. இதோ வந்துடுவார், இப்போ சொல்லேன்."

"அது அன்னிக்கு உள்ளது. சாகப்போறவ சொல்றது. இப்போ சொன்னா வேற மாதிரி ஆயிடும்."

சின்னவள் கட்டிலின் இரும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள் விடவில்லை.

"வெளிச்சம் எங்க நின்னுச்சுன்னு பார்த்தியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். பதற்றம், பார்க்கவில்லை என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? சின்னவளுக்கு அக்காவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

"பார்த்தேன். 'க'வுல நின்னுச்சு."

வெளிச்சம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு:

"பொய் சொல்லுவேன்னு நெனச்சேன்."

அத்தான் தேநீரோடு வந்தார். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவளே அவரிடம் சொன்னாள், ஒளிக்காமல், நாலே வாக்கியத்தில். அவர் தேநீரை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"நானா இருந்தாலும் எடுத்திருப்பேன்மா," என்றார் கடைசியில்.

"நீங்களும் எருமைதான்," என்றது பெட்டி.

சில நாள் கழித்து டாக்டர் அம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். முகமூடி இனி நெடுநாள் போதாது, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தால் கருவியோடு சில வருஷம்கூட இருக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அத்தான், "வெச்சுடலாம் டாக்டர்," என்று சொல்ல வாயெடுத்தார். டாக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, பெரியவளைப் பார்த்தார்.

பெரியவள் எழுதினாள். கட்டைவிரல் முன்பைவிடத் தளர்ந்திருந்தது. வரிசைகள் தவறின. தவறியதை அழிக்க மறுபடி சுற்ற வேண்டியிருந்தது. முதல் மூன்று எழுத்திலேயே என்ன வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சின்னவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் நடுவில் பேசவில்லை. டாக்டரின் தொலைபேசி ஒருமுறை அதிர்ந்தது, அவர் எடுக்கவில்லை.

"வேண்டாம். முகமூடி எவ்வளவு நாள் தாங்குதோ அவ்வளவு போதும். என்னை வீட்டுக்கு அனுப்புங்க."

அத்தான் நடைவழிக்குப் போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் ஒரு வேலை கொடுத்தாள். "புதுசா ரெண்டு பேட்டரி செய். மூச்சுக்குத் தனி, பேச்சுக்குத் தனி. என்னோடதை யாரும் பிடுங்க முடியாத மாதிரி செய்."

சின்னவள் செய்தாள். வெள்ளத்தில் நனைந்ததென்று மருத்துவமனை கழித்த தள்ளுவண்டிகளில், மேல் தட்டில் இருந்ததால் நனையாமல் தப்பிய பேட்டரிகள் கிடைத்தன. செல்கள் ஏறக்குறைய புதியவை. மூச்சுக் கருவிக்குப் பெரிதாக ஒன்று கட்டினாள், இரவு முழுக்கத் தாங்கும். கணினிக்கு வேறொன்று, ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டி ஓடும். இரண்டின் இணைப்புகளையும் வேண்டுமென்றே வெவ்வேறு வடிவத்தில் வைத்தாள், ஒன்றின் வாய் மற்றொன்றில் நுழையாது. கணினியின் பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்து மூடி நாலு திருகு போட்டு முறுக்கினாள். வேலை நடக்க நடக்கப் பெரியவள் மேற்பார்வை பார்த்தாள்.

"அந்தத் திருகு சரியா ஏறலை."

"ஏறிடுச்சுக்கா."

"திருடி கட்டுன பூட்டு. நான் நம்பமாட்டேன்."

சின்னவள் திருகாணியை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். அந்த வார்த்தை வலித்தது. ஆனாலும் அக்கா தன்னைத் திட்டத் தொடங்கியதில் ஓர் ஆறுதலும் இருந்தது. மருத்துவமனையில் அந்த ஒருநாளுக்குப் பிறகு பெரியவள் அவளை எருமை என்று கூப்பிட்டதே இல்லை. சின்னவள் காத்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஊட்டும் குழாயைக் கழுவும்போதும் சளி எடுக்கும்போதும், அந்தக் கிணற்றுக் குரல் அதைச் சொல்லுமா என்று காது அங்கேயே இருந்தது. "மெதுவா" என்றது. "வலது பக்கம் திருப்பு" என்றது. "நன்றி" என்றுகூட ஒருமுறை சொன்னது. அந்த நன்றியைக் கேட்டுத்தான் சின்னவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை.

வெயில் ஏறிய ஒரு பிற்பகலில் பெரியவள் போனாள். மின்சாரம் இருந்தது. மூச்சுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேட்டரிகளும் நிறைந்திருந்தன. சின்னவள் ஒரு வங்கியின் அடித்தளத்தில் யூபிஎஸ் பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அங்கே சிக்னல் கிடையாது. மேலே வந்த பிறகுதான் அத்தான் பலமுறை அழைத்திருந்தது தெரிந்தது.

"தூக்கத்துலேயே," என்றார் அவர். "பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். எதுவும் சொல்லலை. விரல் அசையவே இல்லை."

அக்கம்பக்கத்தார் வந்தார்கள், கடையில் அவளோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். அவள் தொலைபேசியில் யாரை எப்படிச் சமாளித்தாள் என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். மறுநாள் முற்பகலில் எல்லாம் முடிந்து வீடு காலியான பிறகுதான் கட்டிலோரம் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. 'டிக் டிக்' என்று மஞ்சள் வெளிச்சம் எழுத்துகளின் மேல் நடந்துகொண்டிருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை.

"அத்தான், நிறுத்திடவா?"

"வேண்டாம்." சற்றுப் பொறுத்து அவர் கேட்டார்: "தானா நிக்குமா?"

"சார்ஜரை எடுத்துட்டா, பேட்டரி தீர்ந்ததும் நிக்கும்."

அவர் எழுந்து சார்ஜரைச் சுவரிலிருந்து எடுத்தார். நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சின்னவள் தரையில் சுவரில் சாய்ந்தாள். வெகுநேரம் கழித்து அவர் பேசினார், திரையைப் பார்த்துக்கொண்டே.

"என்ன சொல்ல நினைச்சிருப்பா, அன்னிக்கு?"

"தெரியலை அத்தான்."

"உன்கிட்டேயும் சொல்லலையா?"

"சொல்லலை."

"நான் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். சிரிச்சா." அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். "நல்லதாத்தான் இருக்கும், இல்ல?"

ஆமாம் என்று சொல்லச் சின்னவளுக்கு வாய் வரவில்லை. "அக்கா யாரையும் திட்டறதுன்னா எல்லார் முன்னாடியும்தான் திட்டுவா அத்தான்," என்றாள். "காத்திருந்து சொல்லணும்னா அது வேற ஏதோதான்."

அவர் தலையை ஆட்டினார். அது அவருக்குப் போதுமானதாக இருந்ததா என்று தெரியவில்லை.

விடிந்தும் அது ஓடியது. பால்காரர் வந்து மணியடித்துவிட்டுப் போனார். அத்தான் முகம் கழுவிவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னுமா?" என்றார் ஒருமுறை. "இன்னும் கொஞ்சம் ஓடும் அத்தான்," என்றாள். தன் கையால் கட்டியதை, ஒவ்வொரு செல்லாகப் பொறுக்கி வைத்ததை, அவள் அப்போது மனசாரச் சபித்தாள். எழுந்து போய்க் கம்பியைப் பிடுங்கிவிடலாம். திருகுகள் இருந்தன. திருகாணியும் அலமாரியில் இருந்தது. அவள் எழவில்லை.

மதியத்துக்குச் சற்று முன்பு சத்தம் நின்றது. இரண்டு பேரும் தலையைத் தூக்கினார்கள். தெருவில் யாரோ இரும்பு வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அத்தான் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அடுப்புல ஏதாவது வை," என்றார். "நீ நேத்துலேர்ந்து சாப்பிடலை."

"நீங்களும்தான்."

"சரி. ரெண்டு பேருக்கும் வை."

அவள் எழுந்தாள். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, ரத்தம் ஓடும்வரை கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அடுப்படிக்குப் போனாள்.